வேலியும் விளிம்பும்: மொன்றியல் தமிழர் வாழிடத்தின் எல்லை

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்சன் பகுதிக்கு மேற்கே, லாகாடி பெருஞ்சாலையை ஒட்டிக் கம்பி வேலியொன்று எழுப்பப்பட்டது. 1960இல் எழுந்த அவ்வேலிக்கு அப்பால் இருப்பது மவுண்ட் ரோயல் என்னும் தனி ஆட்சி நகரம். வரைபடக் கோடு மண்ணில் இறங்கி நிற்பதற்கு அது கண்கூடான சான்று.

அந்நகரில் தமிழர் வாழிடம் எது என்னும் வினாவுக்கு இத்தகைய கோடு விடை தருவதில்லை. 1980களில் புலம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர் கோத்-தே-நேஜ், பார்க் எக்ஸ்டென்சன் ஆகிய பகுதிகளில் வாடகை வீடுகளில் குடியேறினர். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரிற் பலரும் மொன்றியலுக்கும் ரொறொன்ரோவுக்குமே சென்றனர். முருகன் கோயிலோ தீவின் மேற்கே டொலார்-தே-ஓர்மோவில் உள்ளது. அவ்வூர் 2002 ஜனவரி 1 அன்று மொன்றியலுடன் இணைக்கப்பட்டு, 2006 ஜனவரி 1 அன்று மீண்டும் பிரிந்தது. ஆட்சி எல்லையை மட்டும் நம்பினால், அம்மண் நான்காண்டுகள் மட்டுமே மொன்றியல் தமிழர் வரலாற்றுக்கு உரியதாகும்.

லொத்ஃபி சாதே 1965இல் முன்வைத்த தெளிவிலாக் கணம் இங்கு உதவுகிறது. மரபான கணத்தில் ஓரிடம் உறுப்பாக இருக்கும் அல்லது இராது. சாதேயின் கணத்தில் உறுப்பாண்மை 0 முதல் 1 வரை எம்மதிப்பையும் பெறலாம். 0.6 என்பது நிகழ்தகவு அன்று. எவ்வளவு உரியது என்னும் அளவு. குடியிருப்பு, கடை, வழிபாடு ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு இடலாம். அவற்றை இணைக்கும் இடத்திலேதான் சிக்கல். சாதேயின் வெட்டு சிறும மதிப்பையும், ஒன்றிப்பு பெரும மதிப்பையும் கொள்ளும். தமிழர் குடியிருப்பு அருகிய தெருவிலுள்ள கோயில், வெட்டில் மறைந்துவிடும், ஒன்றிப்பில் நிலைக்கும். எதைத் தேர்வது என்பதைக் கணிதம் சொல்லாது. வரலாற்றாசிரியரே பொறுப்பேற்க வேண்டும்.

திணைமயக்கத்தைக் காட்டி, இதனைத் தொல்காப்பியர் அன்றே கூறினார் என்பாரும் உளர். அது மிகை. திணை மயங்குதலை ஏற்கும் அந்நூல், நிலம் இரண்டு ஒருங்கே மயங்குதலை மறுக்கிறது. இதற்கு நெருங்கிய சான்று சிலப்பதிகாரத்துப் பாலை: முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து அடையும் நிலை அது. அங்கே எல்லை இடத்தில் மட்டுமன்றிக் காலத்திலும் உள்ளது.

மொன்றியலுக்கும் காலம் இன்றியமையாதது. வாடகை வீடுகளில் ஆட்கள் மாறுகின்றனர். குடும்பங்கள் புறநகர் செல்கின்றன. 1986இல் எத்தெரு எவ்வளவு தமிழர்க்கு உரியதாய் இருந்தது என்பதை மதிப்பிட, முதலில் குடியேறியோரின் நினைவே முதன்மைச் சான்று. அவர்கள் இன்று முதியோர்.