தச்சனின் மயிலும் ஈயக் கட்டியும்

சீவக சிந்தாமணியைப் படித்தவர்கள் மயிற்பொறியை மறந்திருக்க மாட்டார்கள். கருவுற்றிருந்த விசயை அதில் ஏறித் தப்புவதும், பகைவனின் வெற்றி முரசு கேட்டு அவள் சோர்ந்துபோக அது சுடுகாட்டில் இறங்குவதும் தமிழ்க் காவியங்களின் பெரிய காட்சிகளில் ஒன்று. எனக்கு அந்தக் காட்சியைவிட வியப்பளிப்பது அதற்கு முன்னால் வரும் ஒரு சிறு தகவல். தச்சன் அந்தப் பொறியை எதைக் கொண்டு செய்தான் என்று திருத்தக்கதேவர் சொல்லிவிடுகிறார். துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. ஏழு நாளில் வேலை முடிகிறது. வலப்பக்கம் திருகினால் மேலே எழும், இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும்.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்தப் பட்டியலோடு 1910ஆம் ஆண்டு ஐரோப்பிய விமானப் பட்டறை ஒன்றுக்குள் நுழைந்தால் பெரிதாகத் திகைக்க வேண்டியிராது. மரச் சட்டம், அதன்மேல் இழுத்துப் போர்த்திய துணி, துணியைச் சட்டத்தோடு பிணைக்கும் நூல் தையல், ஒட்டுப் பசை, துணியை இறுக்கி நீர் புகாமல் காக்கும் பூச்சு. பழைய விமானங்களைப் பெரிய அளவில் மாதிரியாகச் செய்து ரேடியோக் கட்டுப்பாட்டில் பறக்கவிடுகிறவர்களின் மேசையிலும் இவையே கிடக்கும். ஒரு காலத்தில் அவர்கள் பட்டுத் துணிகூடப் போர்த்தினார்கள். (பட்டு என்றதும் காஞ்சிபுரத்தை நினைக்க வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது ஊதினால் பறக்கும் மெல்லிய பட்டு.)

பட்டியலில் இல்லாதது ஒன்று உண்டு. பாரம் எங்கே எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கு. காவியத்துக்கு அது தேவையில்லை. பறக்கிற பொருளைச் செய்ய வேண்டியவனுக்கோ அதைத் தவிர வேறெதுவும் அவ்வளவு முக்கியமில்லை.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பறக்கும் கற்பனையையும் பறக்கும் பொறியையும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் நிற்கவில்லை. ‘வைமானிக சாஸ்திரம்’ என்ற நூலை அதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எச். எஸ். முகுந்தா உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் 1974இல் அந்நூலை வரிவரியாக ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். ஆனேக்கல் சுப்பராய சாஸ்திரி 1918க்கும் 1923க்கும் இடையில் வாய்மொழியாகச் சொல்ல எழுதப்பட்டது அது. 1904க்கு முன்னால் அது இருந்திருக்க வாய்ப்பில்லை. படங்களில் உள்ள விமானங்கள் பறக்கக் கூடியவை அல்ல. இவை அவர்களது முடிவுகள். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அதன் பொறுமை. கேலி செய்து ஒதுக்காமல், இது பறக்க வேண்டுமானால் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். திருத்தக்கதேவரை யாரும் அப்படிச் சோதிக்கவில்லை, சோதிக்கவும் வேண்டாம். அவர் கவிதையைக் கவிதையாகவே தந்தார்.

கற்பனை விமானங்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்த நாம், நம் ஊரில் உண்மையாகவே செய்யப்பட்ட ஒரு விமானத்துக்கு அதில் கால்பங்குகூடக் கொடுக்கவில்லை. அதைச் செய்தவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். கார்சிகாவிலிருந்து சென்னைக்கு வந்தவர். இனிப்புப் பண்டங்கள் செய்வதில் தொடங்கி, மவுண்ட் ரோட்டில் தம் பெயரிலேயே பெரிய ஹோட்டல் நடத்தியவர். 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்தச் செய்தி உலகெங்கும் பலரைத் தூங்கவிடாமல் செய்தது; அவர்களில் ஒருவர் டி ஏஞ்சலிஸ். தாமே வடிவமைத்த விமானத்தை அவர் சிம்சன் நிறுவனத்திடம் கொடுத்துக் கட்டச் செய்தார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டார். பிறகு தீவுத்திடலில் கட்டணம் வைத்துப் பொதுமக்களுக்கும் காட்டினார். சென்னை வரலாற்றாளர் எஸ். முத்தையா இதைத் தம் பத்திகளில் எழுதியிருக்கிறார்.

நம் பாடப்புத்தகங்களில் இந்திய விமான வரலாறு பெரும்பாலும் 1911 பிப்ரவரி 18இல்தான் தொடங்குகிறது. அன்று ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஏறக்குறைய 6,500 கடிதங்களை எடுத்துச் சென்றார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. ஆனால் அந்த விமானம் கப்பலில் வந்திறங்கியது. பல்லாவரத்தில் பறந்தது சென்னைப் பட்டறையில் உருவானது.

சிம்சன் என்ற பெயர் இங்கே தற்செயலாக வரவில்லை. 1840இல் தொடங்கிய அந்த நிறுவனம் குதிரை வண்டி கட்டுவதில் பெயர் பெற்றது. 1903இல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். சாரட்டு கட்டும் பட்டறையில் என்ன இருக்கும்? மரத்தை நீராவியில் பதப்படுத்தி வளைக்கத் தெரிந்த கைகள், கூரைக்குத் துணியும் தோலும் இழுத்துத் தைக்கத் தெரிந்த கைகள், வார்னிஷ் அடிக்கத் தெரிந்த கைகள். அக்கால விமானம் ஒன்றுக்குத் தேவையான தொழில்களில் என்ஜினைத் தவிர மற்றவை எல்லாம் அங்கே தயாராக இருந்தன. உலகின் பல இடங்களிலும் முதல் விமானங்களை இத்தகைய மரவேலைக்காரர்களும் சைக்கிள் கடைக்காரர்களுமே செய்தார்கள். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள்.

அந்தக் கைகளுக்கு இன்னொன்றும் தெரியும்: பாரம் ஏற்றுவது. மானாம்பதி, உத்திரமேரூர்ப் பக்கத்தில் மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை விளக்க வேண்டியதில்லை. மூட்டைகள் பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்னால் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தி வண்டி நகராது. வண்டிக்காரர் ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளச் சொல்வார். சில நேரம் மூட்டையை நகர்த்தாமல் தாமே சற்று முன்னே நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

விமானத்தின் ஈர்ப்பு மையம் என்பது இதே விவகாரம்தான். வித்தியாசம் ஒன்றே: வண்டி தரையில் நிற்கிறது, தவறினால் மாடு முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான். ஜெர்மனியின் ஒட்டோ லிலியன்தால் தம் உடலையே முன்னும் பின்னும் நகர்த்தி, சறுக்கு விமானங்களில் பல நூறு முறை பறந்தார். 1896 ஆகஸ்ட் 9 அன்று காற்று மூக்கைத் தூக்கியபோது உடலை நகர்த்தியும் பயனில்லை. விழுந்தார், மறுநாள் இறந்தார்.

அதற்கு முன்பே, 1871இல், அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர் பாரிஸில் ரப்பர் முறுக்கில் இயங்கும் சிறு மாதிரி ஒன்றைச் சுமார் 11 விநாடிகள் தானாகவே நிலைகுலையாமல் பறக்கவைத்தார். இறக்கைக்குப் பின்னால் ஒரு சிறு வால், அதன் கோணம் இறக்கையின் கோணத்தைவிடச் சற்றே குறைவு, பாரம் உரிய இடத்தில். இன்றைய பயணிகள் விமானமும் அடிப்படையில் இந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகிறது. பெனோ 30 வயதில் இறந்துபோனார். அவர் வடிவமைத்த ஹெலிகாப்டர் பொம்மையைப் போன்ற ஒன்றைத்தான் 1878இல் ஒரு தந்தை தம் இரு பையன்களுக்கு வாங்கிவந்தார். பையன்களின் பெயர் வில்பர், ஆர்வில்.

மாதிரி பறந்துவிட்டால் மூலமும் பறக்கும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் சாமுவேல் லாங்லி 1903 ஆகஸ்டில் தம் விமானத்தின் கால் அளவு மாதிரியைப் பெட்ரோல் என்ஜினோடு பறக்கவிட்டார். முழு அளவு விமானம் அக்டோபர் 7இலும் டிசம்பர் 8இலும் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். அவர்களுடைய விமானமும் துள்ளிக்கொண்டேதான் இருந்தது. 1904இல் இரண்டாவது விமானத்தின் முன்பக்கத்தில் 70 பவுண்டு இரும்பைக் கட்டிய பிறகே அது ஓரளவு வசப்பட்டது. பாரத்தைக் குறைப்பதற்காக ஒவ்வோர் அவுன்சையும் எண்ணியவர்கள், வெறும் இரும்பை வலிய ஏற்றினார்கள். வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மாதிரி செய்கிறவர்கள் கடக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் ஒவ்வொருவரும் அந்த இரும்பைக் கட்டியாக வேண்டியிருக்கிறது.

ஏன் என்று பார்க்க டைகர் மாத்தை எடுத்துக்கொள்ளலாம். 1931இல் முதலில் பறந்த இந்த ஈரடுக்கு இறக்கை விமானத்தில்தான் இந்திய விமானப்படையின் ஒரு தலைமுறை பறக்கக் கற்றது. இறக்கை அகலம் 8.94 மீட்டர், வெற்று எடை சுமார் 506 கிலோ. கால் அளவில் செய்தால் இறக்கை 2.23 மீட்டர் வரும். ஆனால் எடை கால்பங்கு ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் நான்கில் ஒன்றாவதால் எடை 64இல் ஒன்று, அதாவது சுமார் 8 கிலோ ஆக வேண்டும். இறக்கைப் பரப்போ 16இல் ஒன்றுதான் குறைகிறது. எனவே இறக்கையின் ஒவ்வொரு சதுர அடியும் தாங்க வேண்டிய பாரம் நான்கில் ஒன்றாகி, மூல விமானத்தின் பாதி வேகத்திலேயே மாதிரி மிதந்துவிடும். அளவு மேலும் சிறுத்தால் அது காற்றில் காகிதம்போல் அலையும். பழைய விமானத்தின் நிதானமான அசைவைக் கண்ணால் காண வேண்டும் என்பவர்கள் பெரிய அளவை நாடுவது இதனால்தான்.

இனிச் சிக்கல். மூல விமானத்தின் ஜிப்சி மேஜர் என்ஜின் ஏறக்குறைய 140 கிலோ. அதில் 64இல் ஒரு பங்கு 2 கிலோவுக்கு மேல். மாதிரியில் பொருத்தும் பெட்ரோல் என்ஜின் பெரும்பாலும் அதைவிட இலேசாக இருக்கும். வால் பக்கத்திலோ மரம், துணி, கம்பி, பூச்சு எல்லாம் கணக்கைவிடக் கூடத்தான் செய்யும். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 120 செ.மீ., மூக்கில் ஈயம் வைக்கக் கூடிய இடம் 40 செ.மீ. என்று கொள்வோம். வாலில் கூடுதலாக அடித்த 50 கிராம் வர்ணத்துக்கு மூக்கில் 150 கிராம் ஈயம் வைக்க வேண்டும். எனவே நல்ல மாதிரிக்காரர் வாலைச் செய்யும்போது கஞ்சனாகிவிடுகிறார். கூர்காகிதத்தால் இன்னும் ஒருமுறை தேய்க்கிறார், சர்வோக்களை முன்னே தள்ளுகிறார், மின்கலத்தை என்ஜினுக்கு அடியிலேயே திணிக்கிறார். பிறகு விமானத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு மூக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார். அதே வண்டிக்காரர், அதே ஏர்க்கால்.

மூக்கு கனத்தால் விமானம் மோசமாகப் பறக்கும், வால் கனத்தால் ஒரே ஒரு முறை பறக்கும் என்று அவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. பல மாத உழைப்பு அந்த ஒருமுறையில் முடிந்துவிடக் கூடும்.

டைகர் மாத்தின் பின்சாய்ந்த இறக்கைகளும் இந்தக் கணக்கின் விளைவுதான். முன் இருக்கையில் இருப்பவர் ஆபத்தில் பாராசூட்டோடு வெளியேற மேல் இறக்கையின் தாங்கிகள் தடையாக இருந்தன. டி ஹாவிலாண்ட் பட்டறையில் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே நகர்த்தினார்கள். உடனே தூக்குவிசையின் மையம் முன்னே போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். அழகு என்று நாம் நினைக்கும் அந்தச் சாய்வு ஒரு சமன்பாட்டுத் திருத்தம். மாதிரி செய்கிறவர் இரண்டு இறக்கைகளின் சாய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஈர்ப்பு மையம் எங்கே என்று அவருக்குத் தெரியும்.

டி ஏஞ்சலிஸ் பறந்த பல்லாவரத்துக்கு அடுத்தது குரோம்பேட்டை. அங்கே 1949இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். பார்வைக்கு வைத்திருந்த, பறப்பதிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டு விமானங்களின் அருகில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பேன் என்று அவர் எழுதியிருக்கிறார். அதே வளாகத்து மாணவர்களின் ‘தக்ஷா’ அணி, மாதிரி விமானங்களில் நீண்டகால ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித்குமாரின் ஆலோசனையோடு, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், 25 கிலோவுக்கு மேற்படாமல், கண்ணுக்கெட்டும் தொலைவுக்குள் இயக்கும் மாதிரி விமானங்களைத் தனி வகையாகவே வரையறுத்தன.

நான்கு விசிறி ட்ரோன் இப்போது எங்கள் பக்கத்து வயல்களிலும் மருந்து தெளிக்கிறது. அதன் வயிற்றில் உள்ள சில்லு ஒரு விநாடியில் பல நூறு முறை தன் சாய்வை அளந்து தானே திருத்திக்கொள்கிறது. பாரம் சற்று விலகினாலும் அது காட்டிக்கொள்ளாது. இறக்கை விமான மாதிரிகளும் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டினால் போதும் என்ற நிலையில் வந்துவிட்டன. எவ்வளவு ஈயம், எந்த இடத்தில் என்று தாளில் அச்சிட்டே தருகிறார்கள். பழைய விமானம் ஒன்றை வரைபடத்திலிருந்து விலா எலும்பு விலா எலும்பாகக் கட்டுகிறவர்தான் கயிற்றில் தொங்கவிட்டு அதைத் தாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சிம்சன் பட்டறையில் அந்த விமானத்தின் சட்டத்தை இழைத்தவர்கள், துணியைத் தைத்தவர்கள் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. சிந்தாமணியின் தச்சனுக்கும் பெயர் இல்லை. பல்லாவரத்தில் 1910 மார்ச்சில் அந்த விமானம் தரையை விட்டு எழுந்தது என்றால், அதற்கு முன்னால் யாரோ ஒருவர் அதன் வாலைக் கையால் தூக்கிப் பார்த்து, எதையோ ஒரு சாண் முன்னே தள்ளச் சொல்லியிருக்க வேண்டும்.