செக்ரோலும் செயற்கை நுண்ணறிவும்: சப்ரகமுவத் தோட்டங்களின் ஆவண வரலாறு

கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்டு 1889இல் தனி மாகாணமாக அமைக்கப்பட்ட சப்ரகமுவவில், கோப்பிப் பயிரை 1869 முதல் இலைத்துரு நோய் தாக்கி அழித்தபின், தேயிலையும் இறப்பரும் பரவின. எட்டியாந்தோட்டை முதல் இறக்குவானை, பலாங்கொடை வரை உருவான தோட்டங்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயங்களில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட சிற்றறைகளில், தலைமுறைகளாக வாழ்ந்தனர். இம்மக்களைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த ஏடுகள் ஏராளமாக இருக்க, அவர்களே எழுதியவை மிகச் சிலவாகவே உள்ளன. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையோடு மலையக வரலாற்றை ஆராய முற்படுவோர் எதிர்கொள்ளும் அறக்கேள்விகள் பலவும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே பிறக்கின்றன.

தோட்டத்து ஏடுகளுள் முதன்மையானது செக்ரோல் எனப்படும் வரவுப் பதிவேடு. விடியலில் பிரட்டுக்களத்தில் கூடும் தொழிலாளருள் யாருக்கு அன்று பேர், அதாவது முழுநாட் கூலி, உண்டு, யாருக்கு அரைப்பேர், முன்பணமாகவும் அரிசியாகவும் எவ்வளவு பிடிக்கப்பட வேண்டும் என்பவற்றைக் கணக்கப்பிள்ளை அதில் குறித்தார். கொழுந்தின் எடை குறைந்ததற்காகப் பாதிக் கூலி பெற்ற பெண்ணின் நாள் அதில் அரைப்பேராக நிற்குமேயன்றி, அவள் காய்ச்சலோடு மலையேறினாளா, பிள்ளைக்குப் பாலூட்டத் திரும்பினாளா என்பது அதில் இடம்பெறாது. பெயர்களும் எழுதியவரின் செவிக்கும் மொழிக்கும் ஏற்றவாறு மாறின. ஒரே மனிதரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் தோட்டப் பதிவில் வேறுவிதமாகவும் அமைந்து, பின்னாளில் அடையாள அட்டைக்கும் ஓய்வுகால நிதிக்கும் அலைய வைத்த துன்பத்தை மலையகக் குடும்பங்கள் நன்கறியும்.

செக்ரோலுக்கு வெளியே துண்டு இருந்தது. தொழிலாளி பட்ட கடனைக் காட்டும் இச்சீட்டு இல்லாமல் ஒருவர் தோட்டம் மாறுவது அரிதாக இருந்த அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1911ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணக்கெடுப்பு இவர்களை இலங்கைத் தமிழரிலிருந்து பிரித்து இந்தியத் தமிழர் என வகைப்படுத்தியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபின், 1949இன் சட்டப்படி தொடர்ந்த வதிவிடத்தை நிரூபிக்கும் பொறுப்பு அவர்கள் தலையிலேயே விழுந்தது; ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டும், சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. தோட்டங்களில் ஏடு எழுதியவரின் கவனக்குறைவு ஒரு குடும்பத்தின் நாட்டையே தீர்மானிக்கக்கூடியதாயிற்று.

ஆவணத்தை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதற்குக் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்ட வழக்கைவிடத் தெளிவான பாடம் இல்லை. கிராம விரிவாக்கத்துக்காக அரசு அத்தோட்டத்தைக் கையகப்படுத்தி வெளியேறுமாறு அறிவித்தபோது தொழிலாளர் லயங்களை விட்டகல மறுத்தனர்; 1946இல் வேலைநிறுத்தமும் எழுந்தது. அவர்களுள் ஒருவரைக் குற்றவியல் அத்துமீறலுக்காக உள்நாட்டு நீதிமன்றங்கள் குற்றவாளியாகக் கண்டன. இலண்டன் கோமறைக் கழகமோ, அவரது முதன்மை நோக்கம் யாரையும் தொல்லைப்படுத்துவதன்று, தமது பழைய இல்லத்தில் தொடர்ந்திருப்பதே எனக் கொண்டு, 1950இல் அத்தீர்ப்பை நீக்கியது. முதற்கட்டத் தாள்களை மட்டும் படிப்பவருக்கு அவர் அத்துமீறியவர். இறுதித் தீர்ப்பையும் படிப்பவருக்கு வீட்டுக்காக நின்றவர்.

இத்தகைய ஆவணங்களைப் படிக்க இன்று துணைக்கழைக்கப்படும் பெருமொழி மாதிரி எனப்படும் கருவி, தனக்கு ஊட்டப்பட்ட எழுத்துத் திரளில் எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்ற நிகழ்தகவைக் கற்று வாக்கியம் அமைப்பதாகும். இணையத்தில் ஆங்கிலம் பெருகியும் தமிழ் அருகியும் இருப்பதால், தோட்டம் பற்றிய கேள்விக்கு அது துரைமார் நூல்களின் குரலில் விடையளிக்கும் ஆபத்து மெய்யானது. இல்லாத நூலையும் கட்டுரையையும் மேற்கோள் சான்றாகப் புனைந்து தருவதும் அதன் இயல்பு. மங்கிய கையெழுத்தைப் படிக்கவும், ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரு தோட்டத்தின் பெயரைத் தேடவும் அது உண்மையில் பயன்படும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவாக்கிவரும் நூலகத் திட்டம் போன்ற முயற்சிகளுக்கு அத்தகைய துணை பெரிதும் வேண்டும். ஆனால் இரண்டுவிதமாக எழுதப்பட்ட ஒரே பெயரைக் கருவி இருவராகக் கொள்ளும்போது, பழைய கணக்கப்பிள்ளையின் பிழை புள்ளிவிவரத்தின் மதிப்போடு மறுபிறவி எடுக்கிறது.

இதனினும் கவலைக்குரியது வாய்மொழிச் சான்றைக் கருவியிடம் ஒப்படைப்பது. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நிகழ்ந்த வன்முறையால் எத்தனையோ குடும்பங்கள் வடக்கே வவுனியாப் பக்கம் சென்றன. அந்நினைவுகளை நம்பி ஒப்படைக்கும் முதியவரின் குரற்பதிவை எழுத்தாக்கும் பொருட்டு வணிக நிறுவனமொன்றின் கணினியில் ஏற்றும் ஆய்வாளர், அப்பதிவு எங்கே தங்கும், எதைப் பயிற்றப் பயன்படும் என்பதை முன்கூட்டியே தமிழில் விளக்கி இசைவு பெற வேண்டும். தோட்டத்தில் அனுமதியென்பது நெடுங்காலம் துரையிடம் பெறுவதாகவே இருந்தது; அதனாலேயே தொழிலாளியின் சொந்த இசைவு இங்கு இரட்டிப்பு மதிப்புடையது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இதற்கு ஒரு சட்ட அடிப்படையையும் வகுத்துள்ளது.

பதிப்புலகின் விதிகள் எளியவை. 2023இன் தொடக்கத்திலேயே பதிப்பறத்துக்கான பன்னாட்டுக் குழுவான கோப் (COPE) அமைப்பும் ‘நேச்சர்’ இதழும், கருவி பொறுப்பேற்க இயலாததாகையால் அதனை ஆசிரியராகக் குறிக்கலாகாது என்றும், பயன்படுத்தியதை வெளிப்படுத்த வேண்டும் என்றும் அறிவித்தன. இவ்விதிகள் போதா. மலையகம் குறித்து எழுதுவோர், கருவி சுட்டிய ஒவ்வொரு ஆவணத்தையும் கண்ணால் கண்டு சரிபார்க்கட்டும். அதனை யார், யாருக்காக எழுதினார் என்பதையும் கட்டுரையில் சொல்லட்டும். பெலிகுல்ஓயாவில் இயங்கும் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்களும் தமிழ் ஆய்விதழ்களும் இவ்விரண்டையும் ஏற்புக்கான நிபந்தனையாக்க வேண்டும். எழுதி முடித்ததை, அச்சேறும் முன், பேசியவரின் லயத்துக்கே கொண்டுபோய்ப் படித்துக் காட்ட வேண்டும்.