கம்பியில் பதிந்த குரல்கள்

1944-இல் கெய்ரோவில் ஹலீம் அல்-தப் என்ற இளைஞர் வானொலி நிலையம் ஒன்றிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கினார். காந்த நாடா பரவலாகாத காலம். மெல்லிய எஃகுக் கம்பியில்தான் ஒலி பதிவாகும். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் போனது ஒரு ஸார் சடங்குக்கு. ஸார் பெண்கள் கூடும் இடம். வெளி ஆண்களுக்கு அங்கே வேலை இல்லை. பெண்களைப் போலத் தலையை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

பதிந்து வந்ததை நிலையத்தின் கருவிகளில் ஓடவிட்டு, குரல்களின் அடிநாதத்தை நீக்கி, மேலே மிதக்கும் அதிர்வுகளை மட்டும் நிறுத்தி, எதிரொலியைக் கூட்டிக் குறைத்து ஒரு படைப்பை உருவாக்கினார். அதில் சுமார் இரண்டு நிமிடத் துண்டு இன்று கேட்கக் கிடைக்கிறது. சொற்கள் பிடிபடாது. ஒரு மண்டபமே மூச்சு விடுவதைப் போலிருக்கும். பாரிஸில் பியர் ஷெஃபர் ரயில் ஓசைகளை வைத்துத் தன் புகழ்பெற்ற ஒலித்தொகுப்பைச் செய்தது 1948-இல். பதிவு செய்த ஒலியை உருமாற்றி இசையாக்குவதில் கெய்ரோ நான்கு ஆண்டுகள் முந்திவிட்டது.

ஐரோப்பாதான் எல்லாவற்றையும் தொடங்கியது என்று படித்து வளர்ந்த எனக்கு இந்தத் தகவல் தந்த மகிழ்ச்சி சிறியதல்ல. ஆனால் அடுத்த கேள்வி அதைவிடப் பெரியது. கம்பியில் பதிந்த குரல்கள் யாருடையவை? படைப்பின் மேல் அல்-தப்பின் பெயர் இருக்கிறது. பாடிய பெண்களின் பெயர் இல்லை. அவரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. அவர் பதியாவிட்டால் அந்த ஓசையும் நமக்கு வந்திருக்காது. ஆனால் அரபுச் சுயாதீன இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘மரபும் சோதனையும் கலந்தது’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கம்பிதான் நினைவுக்கு வருகிறது. அங்கே மரபு என்றால் பெண்ணின் தொண்டை. சோதனை என்றால் ஆணின் கையிலிருக்கும் கருவி.

ஸாரைப் பேயோட்டுதல் என்று புரிந்துகொள்ளக் கூடாது. ஓட்டுவதில்லை, சமாதானம் பேசுகிறார்கள். உடலில் வந்து குடியிருக்கும் ஆவிக்கு என்ன தாளம் பிடிக்கும், என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு, அதைக் கொடுத்து, அதனோடு சேர்ந்து வாழ வழி பார்ப்பது. வீட்டுக்குள் வாய் திறக்க முடியாத பெண், இங்கே ஆவியின் பெயரால் கேட்டதைப் பெறலாம். இடுப்பில் கட்டும் ‘மன்ஜூர்’ என்ற பட்டையில் ஆட்டுக் குளம்புகள் வரிசையாகத் தைத்திருக்கும். ஆட ஆட அதுவே தாளவாத்தியம். ஆறு தந்திகள் கொண்ட ‘தம்பூரா’ (நம் தம்புரா அல்ல, யாழ் வடிவிலானது) சுருதி கொடுக்கும். மதவாதிகளுக்கு இது மூடநம்பிக்கை. படித்த நடுத்தர வர்க்கத்துக்கு வெட்கக்கேடு. இரு தரப்பும் சேர்ந்து இதை ஏறக்குறைய அழித்துவிட்ட நிலையில்தான் ‘மஸாஹெர்’ என்ற குழு கெய்ரோவின் ‘மக்கான்’ அரங்கில் பாடி வருகிறது. அங்கே உம் சாமெஹ் போன்ற மூத்த பெண்கள் முன்னே உட்கார்ந்து நடத்துகிறார்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது.

சடங்குக்கு வெளியே, சபை இசையில் நிலைமை என்ன? 1932-இல் மன்னர் ஃபுவாத் ஆதரவில் கெய்ரோவில் அரபு இசை மாநாடு நடந்தது. பேலா பார்டோக்கும் ஹிண்டெமித்தும் வந்திருந்தார்கள். ஒரு ஸ்தாயியைச் சமமான 24 பங்காகப் பிரிக்கலாமா, பியானோவைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று சண்டை. ‘ராஸ்த்’ மகாமின் மூன்றாம் சுரம் பியானோவின் எந்தக் கட்டையிலும் உட்காராது, இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும். அரபு இசையின் எதிர்காலம் இப்படிப் பேசப்பட்டபோது மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள். அதே ஊரில் இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்த பெரும் குரல்களில் பல பெண்களுடையவை.

அவர்களில் உம் குல்தூமைத் தவிர்த்துப் பேச முடியாது. கிராமத்து இமாமான தந்தை மகளுக்குப் பையன் உடை போட்டுப் பாட அழைத்துப் போனார். அந்தச் சிறுமி பிறகு மாதத்தின் முதல் வியாழன் இரவுகளில் வானொலி வழியே அரபு உலகத்தைக் கட்டிப்போட்டார். 1940களில் இசைக்கலைஞர் சங்கத்துக்கே தலைமை வகித்தார். ஒரு வரியை விதவிதமாகத் திருப்பித் திருப்பிப் பாடும்போது அவர் மேடையிலேயே இசையைப் படைத்துக்கொண்டிருந்தார் என்பது என் எண்ணம். ஆனால் இசையமைப்பாளர் என்ற இடத்தில் அச்சானவை அல்-கஸப்ஜி, அல்-சுன்பாத்தி, அப்துல் வஹாப் போன்ற ஆண் பெயர்கள். உச்சத்தில் இருந்த பெண்ணும் ‘குரல்’தான்.

இந்த ஏற்பாடு எங்கே உடைந்தது என்று தேடினால் நான் காமில்யா ஜுப்ரானிடம் வந்து நிற்கிறேன். 1963-இல் பிறந்த பாலஸ்தீனியர். தந்தை இலியாஸ் வாத்தியங்கள் செய்பவர், இசை ஆசிரியர். வீட்டில் கற்றது எகிப்தியச் செவ்விசை. 1982-இல் ஜெருசலேமின் ‘ஸப்ரீன்’ குழுவில் சேர்ந்தார். ஆக்கிரமிப்பின் கீழ், முதல் இன்திஃபாதாவின் ஆண்டுகளில், கோஷமாகிவிடாத எதிர்ப்புப் பாடலை உருவாக்கிய குழு அது. இருபது ஆண்டுகள் அதன் குரலாக இருந்தார், கானூனும் வாசித்தார். மெட்டுகளோ பெரும்பாலும் சயீத் முராதுடையவை.

2002-இல் ஐரோப்பாவுக்குப் போனார். அங்கே சுவிட்சர்லாந்தின் வெர்னர் ஹாஸ்லர் மின்னணு ஒலிகளை எழுப்ப, காமில்யா ஊத் மீட்டிப் பாடிய தொகுப்பு ‘வமீத்’. 2009-இல் ‘மக்கான்’ (இது கெய்ரோ அரங்கல்ல, ‘இடம்’ என்ற பொருளுள்ள இசைத்தொகுப்பு) ஊத்தும் குரலும் மட்டும், அமைத்தவரும் அவரே. கேட்பவர் எதிர்பார்க்கும் இடத்தில் மகாம் வந்து முடியாது. கைதட்ட வேண்டிய இடத்தில் வெறுமை நிற்கும். முதல் முறை கேட்டபோது எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. பாலஸ்தீனப் பெண் மேடையேறினால் உலகம் அவளிடம் ஒரு புலம்பலையோ ஒரு முழக்கத்தையோ எதிர்பார்க்கும். இரண்டையும் தராமல் ஒரு சுரத்தை என்ன செய்யலாம் என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பதே என் கண்ணுக்கு அரசியல்.

பெய்ரூத்தில் உள்நாட்டுப் போர் 1990-இல் முடிந்தபின், யாஸ்மின் ஹம்தான் ஸெய்த் ஹம்தானோடு சேர்ந்து ‘சோப்கில்ஸ்’ தொடங்கினார். போரின் கறையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நடந்ததே நடக்காதது போல் எழுப்பப்பட்ட நகரத்தின் மீதான கிண்டல் அந்தப் பெயர். 1944-இல் கார் கால்வாயில் விழுந்து இறந்த அஸ்மஹானின் பழைய பாடல்கள் அவருக்கு ஊற்று. ஆனால் அஸ்மஹானைப் போல ஏறி இறங்காமல், மைக்கருகே கிசுகிசுப்பார்.

கெய்ரோவின் நாதா அல்-ஷாஸ்லி தொடங்கியது பங்க் குழுவில், பிறர் பாடல்களைப் பாடி. 2017-இல் வந்த அவருடைய ‘அஹ்வார்’ (சதுப்பு நிலங்கள்) தொகுப்பை நான் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டுவதுண்டு. மாரிஸ் லூக்காவும் சாம் ஷலாபியும் உடன் உழைத்தது. அதில் ஒன்று 1923-இல் இறந்த சையித் தர்வீஷின் பழைய மெட்டு, மற்றவை புதியவை. பழையது எது என்று சொல்லாமல் போட்டால் பெரும்பாலும் தவறாகத்தான் காட்டுவார்கள். தர்வீஷின் மெட்டு அவ்வளவு அந்நியமாக ஒலிக்கும். நாதாவின் சொந்தப் பாட்டோ நூறு வருடத்துத் தட்டிலிருந்து வருவது போலிருக்கும்.

சுயாதீனம் என்கிறோமே, யாரிடமிருந்து? எகிப்தில் மேடையேறச் சங்கத்தின் அனுமதி வேண்டும். உம் குல்தூம் தலைமை வகித்த அதே சங்கம்தான் 2020-இல் தெருவிழா இசையான மஹ்ரகானாத்தை மேடைகளிலிருந்து தடை செய்தது. நைல் நீரைப் பற்றி மேடையில் ஒரு கேலி சொன்ன பிரபல பாடகி ஷெரீன் மீதும் அது பாய்ந்தது. மறுபக்கம், இந்த இசைக்குப் பணமும் மேடையும் பெருமளவு ஐரோப்பிய விழாக்களிலிருந்தும் நல்கைகளிலிருந்தும் வருகின்றன. காமில்யா பாரிஸில், நாதா மாண்ட்ரியலில். விழா மலர்களில் ‘பண்டைய கிழக்கும் நவீன மேற்கும் சந்திக்கின்றன’ என்று அச்சிடுகிறார்கள். கெய்ரோ பாரிஸுக்கு முந்தியதை அறியாத வாக்கியம்.

கருவியும் நடுநிலையானதல்ல. கணினி இசை மென்பொருள்கள் பெரும்பாலும் ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பிரித்தே தொடங்குகின்றன. 1932-இன் பியானோ சண்டை இப்போது திரைக்குள் நடக்கிறது. 2021-இல் கய்யாம் அல்லாமி, விரும்பிய சுருதியை அமைத்துக்கொள்ள ‘லீமா’, ‘அபோடோம்’ என்ற இலவசக் கருவிகளை இணையத்தில் வெளியிட்டார். வீட்டில் ஒரு மடிக்கணினி இருந்தால் போதும், ஒலிப்பதிவுக் கூடத்து ஆண்களின் தயவு வேண்டாம்.

ஷெஃபர் ரயிலோசையைத் தொகுத்து எழுபது ஆண்டுகள் கழித்து, 2018-இல், தீனா அல்-வெதீதி எகிப்திய ரயில்களின் ஓசைகளை அடிப்படையாக வைத்து ‘மனாம்’ என்ற தொகுப்பை உருவாக்கினார். சக்கரமும் தண்டவாளமும் தாளம் போட, அதன்மேல் பாடுகிறவரும் அவரே. உறையில் அவர் பெயர் இருக்கிறது.