கம்பிக்குள் கரையும் சக்தி



என்னிடம் படித்த மாணவி ஒருத்தி பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். 1970களில் சுங்கைவே ஆலைகள் திறந்த காலம் தொட்டு, கிள்ளான் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் போன வழிதான் அது. வானொலிக் கருவிகளைச் சோதிக்கும் இயந்திரம் அவள் பொறுப்பில் இருக்கிறது. அதில் நான்கு தடங்கள். நான்கிலும் ஒரே அளவு சக்தி வர வேண்டும். ஒரு நாள் மூன்றாம் தடத்தில் மட்டும் 3 டெசிபல் குறைந்துவிட்டது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் பாதிச் சக்தி போய்விட்டது என்று அதற்குப் பொருள்.

"சக்தியைக் கூட்டி வைத்துவிட்டு வேலையைப் பார்" என்றாராம் மேற்பார்வையாளர். அவள் கூட்டவில்லை. இரண்டாம் தடத்துக் கேபிளையும் மூன்றாம் தடத்துக் கேபிளையும் இடம் மாற்றிப் பூட்டினாள். குறையும் கேபிளோடு சேர்ந்து இரண்டாம் தடத்துக்குப் போயிற்று! அப்படியானால் இயந்திரத்தில் பழுது இல்லை. கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தால், நடுவிலிருந்த ஊசி தேய்ந்திருந்தது.

தீபாவளிக்கு வந்தபோது, "கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் டீச்சர்?" என்று கேட்டாள். 1858ஆம் ஆண்டில் அப்படிக் கூட்டிப் பார்த்த ஒருவரின் கதையைச் சொன்னேன்.

அந்தக் கதை நம் காட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ரப்பரை நாம் 'கித்தா' என்கிறோம் அல்லவா? அது மலாய்ச் சொல்லான 'கெத்தா'விலிருந்து வந்தது. மலாயாக் காடுகளில் கெத்தா பெர்ச்சா என்று வேறொரு பால்மரம் உண்டு. அது நம் ஊர் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பால் உறைந்தால் கெட்டியாகும், வெந்நீரில் இளகும், கடல்நீரில் கெடாது. சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த மான்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடலுக்கடியில் போகும் தந்திக் கம்பிக்கு உறை போட இதைவிட நல்ல பொருள் அன்று இல்லை. ஆனால் கித்தாவைப் போல அன்றாடம் சீவிப் பால் எடுப்பது அன்றைய வழக்கமில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெரிய மரங்களைக் காண்பதே அரிதாயிற்று.

அந்த உறை போட்ட கேபிள் ஒன்று 1858 ஆகஸ்டில் அயர்லாந்தையும் வட அமெரிக்காவையும் இணைத்தது. நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு முனையில் அனுப்பிய சமிக்ஞை மறுமுனையில் மங்கித் தேய்ந்துதான் வந்து சேர்ந்தது. விக்டோரியா மகாராணியாரின் வாழ்த்து நூறு சொல்லுக்குள்தான் இருந்தது. அதை அனுப்பச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது!

பொறுப்பிலிருந்த வைட்ஹவுஸ், சக்தி போதவில்லை என்று சுமார் 2,000 வோல்ட் கொடுத்தார். சில இடங்களில் செம்புக் கம்பி உறையின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. ஏற்கனவே பலவீனமாக இருந்த உறை அந்த வேகத்தைத் தாங்குமா? சில வாரங்களில் கேபிள் ஊமையாயிற்று. பெரும் பணம் கடலோடு போயிற்று.

வில்லியம் தாம்சன் என்ற அறிஞர் வேறு வழி பிடித்தார். சிறு கண்ணாடித் துண்டில் ஒளிக்கதிரை விழச் செய்து, மெல்லிய மின்னோட்டத்தையும் கண்டுகொள்ளும் கருவியை அமைத்தார். கம்பிக்குச் சுத்தமான செம்பு வேண்டும், கனமாக வேண்டும் என்று வற்புறுத்தினார். 1866இல் போட்ட கேபிள் நிலைத்தது. பழுது வந்தாலும் கலங்கவில்லை. ஒரு மைல் கம்பிக்கு இவ்வளவு மின்தடை என்பது முன்பே தெரியும். கரையிலிருந்தே தடையை அளந்து, இத்தனை மைலில் பழுது என்று கணக்கிட்டு, கப்பலை அந்த இடத்துக்கு அனுப்பினார்கள். அந்த அனுபவத்தின் துணையோடுதான் 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடல்தந்தி வந்தது. கடிதம் கப்பலேறி வந்த காலம் போய், வங்கக் கடலைச் செய்தி அன்றே கடக்கலாயிற்று.

மாணவி அந்தத் தேய்ந்த கேபிளை எனக்குத் தந்துவிட்டுப் போனாள். வகுப்பில் அதைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். நடுவில் செம்பு, சுற்றிலும் வெள்ளைப் பிளாஸ்டிக். 1940களுக்குப் பின் கெத்தா பெர்ச்சாவின் இடத்தைப் பாலித்தீன் போன்ற பொருள்கள் பிடித்துக்கொண்டன. "அந்த மரம் இன்னும் இருக்கிறதா, டீச்சர்?" என்றான் கடைசி வரிசைப் பையன். காட்டில் இருக்கிறது என்றேன்.