விழுமியம் யாருடையது? - உளவளத்துணை வரலாற்றில் ஒரு வினா

துன்புற்று வருபவனுக்கு அறிவுரை கூறுதல் எல்லாச் சமுதாயங்களிலும் தொன்றுதொட்டு நிலவிவரும் வழக்கமாகும். குடும்பப் பெரியவரும் ஆசிரியரும் சமயத் தலைவரும் இது தக்கது, இது தகாதது என எடுத்துரைத்தனர்; கேட்டவர் ஏற்றனர், அல்லது ஏற்றதுபோல் நடந்தனர். உளச்சிகிச்சை ஒரு தனித் தொழிலாக உருப்பெற்றபோது இவ்வழக்கத்தினின்றும் விலகி நிற்பதையே தன் சிறப்பாகக் கொண்டது. ஆயின் அவ்விலகல் எத்துணை தூரம் இயலும்? துணை நாடி வருபவர் எவற்றை மேலாக மதித்து வாழ விரும்புகிறார் என்பதை, அவர்மீது நம் மதிப்பீடுகளைச் சுமத்தாது, அவரே தெளியச் செய்தல் கூடுமா? இவ்வினாவின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உளப்பகுப்பாய்வின் தந்தையாகிய சிக்மண்ட் பிராய்ட் 1912 இல் மருத்துவர்களுக்கு எழுதிய பரிந்துரைகளில், பகுப்பாய்வாளர் ஒரு கண்ணாடியைப் போல இருத்தல் வேண்டும் என்றார். தன் உணர்ச்சிகளை ஒதுக்கிவிட்டுப் பணிபுரியும் சத்திரசிகிச்சை நிபுணரையும் உவமையாகக் காட்டினார். 1918 இல் புடாபெஸ்ற் நகரிலே நிகழ்த்திய உரையில், நோயாளியைத் தம் உடைமையாக்கித் தம் இலட்சியங்களை அவர்மேல் திணிப்பதைத் தாம் மறுத்து வந்ததை வலியுறுத்தினார். நடுநிலை என்னும் இக்கோட்பாடு நெடுங்காலம் இத்துறையின் அடிப்படை ஒழுக்கமாகக் கொள்ளப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் இக்கோட்பாட்டை வேறொரு திசையில் வளர்த்தவர் கார்ல் றோஜர்ஸ் (1902-1987). கட்டுப்பாடு மிக்க சமயப்பற்றுள்ள குடும்பத்திலே பிறந்த அவர், சமயப் பணியை நாடி நியூயோர்க்கிலுள்ள இறையியற் கல்லூரியொன்றிற் சேர்ந்தார். குறித்த ஒரு கொள்கையை என்றும் நம்பியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையுடைய தொழில் தமக்கு ஒவ்வாதெனக் கண்டு உளவியலுக்கு மாறினார். 1942 இல் வெளிவந்த அவரது நூல், உதவி நாடி வருபவரை 'நோயாளி' என்னாது 'துணைநாடி' என்று கருதும் நோக்கைப் பரப்பியது. பிறருடைய அன்பை இழந்துவிடக்கூடாது என்பதற்காக மனிதர் சிறுவயது முதலே பிறருடைய மதிப்பீடுகளைத் தம்முடையன போல உள்வாங்கிக்கொள்கின்றனர் என்பதும், அவை தம் சொந்த அனுபவத்தோடு முரணும்போது உளநெருக்கடி தோன்றுகிறது என்பதும் அவர் துணிபு. 1964 இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை அவர் விரிவாக ஆராய்ந்தார்.

அதே ஆண்டிற் படமாக்கப்பட்ட ஓர் உரையாடல் ஈண்டு நினைக்கற்பாலது. மணமுறிவு பெற்ற இளந்தாய் ஒருத்தி, தனக்கு ஏற்பட்ட ஆண் தொடர்புகள் பற்றித் தன் சிறு மகள் கேட்டபோது பொய் கூறிவிட்டாள். உண்மையைச் சொன்னால் குழந்தை பாதிக்கப்படுமோ என்று றோஜர்சிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்; நேரான விடையொன்றை வேண்டுகிறாள். அவர் விடை கூறவில்லை. அவளுக்காகத் தாம் விடை பகர இயலாதென்றும், அவள் தன் விடையை நோக்கிச் செல்லத் துணைநிற்க விரும்புவதாகவும் கூறுகிறார். உரையாடல் வளர வளர, வினா மகளைப் பற்றியது மட்டுமன்று என்பது புலனாகிறது. அவள் தன்னையே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒளிவுமறைவற்ற நேர்மையையே அவள் பெரிதும் மதிக்கிறாள். விழுமியத் தெளிவு என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

ஆயினும் நடுநிலை பற்றிய ஐயங்கள் முன்னரே எழுந்திருந்தன. 1955 இல் கிறீன்ஸ்பூன் என்பார் ஒரு சோதனை செய்தார். சொற்களைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்பவர் பன்மைப் பெயர் கூறும்போதெல்லாம் சோதனையாளர் 'ம்' கொட்டினார். பன்மைப் பெயர்கள் பெருகின. ஒரு 'ம்' கூடப் பேச்சை வழிநடத்தும் எனின், நடுநிலை எங்கே? அதே 1955 இல் டேவிட் றொசென்தால், சிகிச்சையால் முன்னேறியவர்களாகக் கணிக்கப்பட்டோரின் ஒழுக்க விழுமியங்கள் சிகிச்சையாளரின் விழுமியங்களை நோக்கி நகர்ந்திருந்ததைக் காட்டினார். ஆய்வுக்குட்பட்டோர் மிகச் சிலரே. எனினும் கண்ணாடி என்னும் உவமையில் விரிசல் கண்டது. 1966 இல் ட்றுவாக்ஸ், றோஜர்ஸ் நடத்திய சிகிச்சையொன்றின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, துணைநாடியின் கூற்றுக்கேற்ப அவரது கனிவும் பரிவும் கூடியும் குறைந்தும் வந்தன எனக் கண்டார். பணிப்பதில்லை எனத் துணிந்த பெருந்தகையும் தம்மையறியாமல் வழிகாட்டியிருந்தார்.

இந்நிலையில் இருவகையான மறுமொழிகள் எழுந்தன. ஒன்று, விழுமியத்தை மறைபொருளாக விடாது உரையாடலின் நடுவே வைத்தல். நாசி வதைமுகாம்களில் உயிர்தப்பிய வியன்னா மருத்துவர் விக்ரர் பிராங்கிள் (1905-1997), வாழ்வின் பொருளை நாடுதலே சிகிச்சையின் மையம் என்றார். ஆயின் மருத்துவர் தாம் கண்ட உலகைத் தீட்டிக்காட்டும் ஓவியர் அல்லர், உலகை உள்ளவாறு நாமே காணும்படி செய்யும் கண் வைத்தியர் போன்றவர் என அவர் எல்லை வகுத்தமை கவனிக்கத்தக்கது. 1966 இல் றாத்ஸ், ஹார்மின், சைமன் ஆகிய மூவரும் கல்வித்துறைக்கென எழுதிய நூல், ஒன்றை விழுமியம் எனக் கொள்வதற்கு ஏழு அளவைகளை விதித்தது. மாற்றுவழிகளிலிருந்து, விளைவுகளை எண்ணி, தடையின்றித் தெரிதல். தெரிந்ததைப் பேணிப் பலரறியக் கூறல். செயலாக்கி, அச்செயலை மீளமீள நிகழ்த்தல் என்பனவே அவற்றின் சாரம். எவ்விழுமியமும் ஒக்கும் என்ற சார்புவாதத்துக்கு இது இட்டுச்செல்லும் எனக் கோல்பேர்க் முதலியோர் கண்டித்தனர். அக்கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று.

மற்றையது, சிகிச்சையாளர் தம் விழுமியங்களை ஒப்புக்கொள்ளல். 1980 இல் அலன் பேர்ஜின், சிகிச்சையாளரின் உலகியல் நோக்கும் துணைநாடிகளின் சமய நோக்கும் வேறுபடுவதைச் சுட்டி, நடுநிலையென்னும் போர்வையில் முன்னதைப் புகுத்தலாகாது; வெளிப்படையாகக் கூறுவதே நேர்மை என வாதிட்டார்.

1999 இல் ஹேய்சும் அவருடன் இருவரும் எழுதிய நூலிலே விளக்கம் பெற்ற ஏற்பும் ஒப்படைப்பும் சார்ந்த சிகிச்சைமுறை இவ்வரலாற்றின் அண்மைக் கட்டமாகும். விழுமியம் அடையப்படும் இலக்கன்று, திசையாகும் என்பது அதன் கருத்து. மேற்கே செல்பவன் பல ஊர்களை அடையலாம். மேற்கை அடைந்து முடித்துவிடல் இயலாது. திருமணம் இலக்கு, அன்புடைய துணையாய் வாழ்தல் திசை. இம்மரபில் கெலி வில்சனும் பிறரும் அமைத்த வினாக்கொத்து, குடும்பம், மணவாழ்வு, பிள்ளை வளர்ப்பு, நட்பு, தொழில், கல்வி, பொழுதுபோக்கு, ஆன்மிகம், குடிமை, உடல்நலம் எனப் பத்துத் துறைகளை முன்வைக்கிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம், கடந்த கிழமையில் அதற்கேற்ப எவ்வளவு வாழ்ந்தோம் என்று 1 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்கிறது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே உரையாடலுக்கு வித்தாகிறது. பிறர் எவரும் அறியாவிடினும் இதனைப் பேணுவீரா என்று வினவுதல், உள்வாங்கிய மதிப்பீட்டையும் உரிய மதிப்பீட்டையும் பிரித்தறிய உதவும்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? முழு நடுநிலை எவர்க்கும் கிட்டாதது. ஆயின் அது கிட்டாமை திணிப்புக்கு உரிமையாகாது. தன் சாய்வை அறிந்தவனே பிறன் தெரிவுக்கு இடம்விடவல்லவன். அறியாதவன் தன் 'ம்' ஒன்றினாலேயே தீர்ப்பளித்துவிடுவான். உற்றார் நலமும் ஊர்வழக்கும் பின்னிப்பிணைந்த நம் சமுதாயத்தில், பெற்றோரின் விருப்பமும் ஒருவரது உண்மையான விழுமியத்தின் பகுதியாதல் கூடும். அதனை வெறும் சுமையென ஒதுக்கச் சொல்வதும் ஒருவகைத் திணிப்பேயாம். ஈழத்துத் தமிழிலே இப்பணிக்கு 'உளவளத்துணை' என்னும் பெயர் வழங்குதல் பொருத்தமே. அறிவுரை முன்னே நடக்கும். துணை உடன் நடக்கும். வழி, நடப்பவனுடையது.