நஞ்சு, ஏற்பி, எதிர்ப்பொருள்: வடநெம்மேலியிலிருந்து ஒரு வரலாறு

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியை முதலைப் பண்ணைக்காகவே பலர் அறிவார்கள். அங்கேயே இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம்தான் இந்திய விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதியை நெடுங்காலமாகத் தந்துவருகிறது.

பாம்புத் தோல் வணிகத்தை நம்பியிருந்த இருளர்களின் பிழைப்பு, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் வந்தபின் நின்றுபோனது. பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் சங்கம் உருவானது. பாம்பைக் கொன்று விற்றவர்கள், உயிரோடு பிடித்து நஞ்செடுத்துத் திரும்ப விடுபவர்களானார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் மணல் பரப்பிய மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். ஏறக்குறைய 4 வாரத்தில் 4 முறை நஞ்செடுப்பார்கள். கழுத்தைப் பிடித்துக் கண்ணாடிக் குடுவை விளிம்பில் பல்லைப் பதிய வைத்தால் நஞ்சு இறங்கும். சுருட்டை விரியனிடம் கிடைப்பது ஒரு துளிதான். வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு விட்டுவிடுவதால் அதே பாம்பு உடனே மீண்டும் சிக்கினாலும் தெரிந்துவிடும். உறையவைத்து உலர்த்திய நஞ்சுத்தூள் மருந்து நிறுவனங்களுக்குப் போகும். அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். 1890களில் ஆல்பர்ட் கால்மெட் தொடங்கிய முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை.

அந்த நஞ்சு உடலில் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடை தைவானிலிருந்து வந்தது. 1963இல் சாங், லீ என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பட்டைக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து ஆல்ஃபா பங்காரோடாக்சினைப் பிரித்தனர். நரம்பு விடும் அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளத் தசைச் செல்லின் மேற்பரப்பில் ஏற்பிப் புரதம் உண்டு. இந்த நஞ்சு அதில் போய் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும். நல்லபாம்பின் நரம்பு நஞ்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. கடிபட்டவருக்கு மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோவது இதனால்தான். அதுவரை ஊகமாக இருந்த ஏற்பியை 1970இல் ஷான்ஷோவும் லீயும் உள்ளிட்ட குழுவினர் இந்த நஞ்சைக் கொண்டே அடையாளம் கண்டனர். உயிரைக் குடிக்கும் பொருளே ஆய்வகத்தின் அருமையான கருவியானது. அறிவியலில் இப்படி நடப்பது அரிதல்ல.

1973இல் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ரம் என்ற ஆய்வாளர்கள் மின்விலாங்கிலிருந்து எடுத்த இதே ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினர். முயல்கள் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிய கையோடு தாங்களே தளர்ந்து விழுந்தன. எதிர்ப்பொருள் தன் உடலின் ஏற்பியையே தாக்குவதுதான் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோயின் காரணம் என்பது இப்படித் துலங்கியது. 1976இல் லிண்ட்ஸ்ட்ரம் குழு, கதிரியக்கம் ஏற்றிய நஞ்சால் ஏற்பியை அடையாளமிட்டு நோயாளிகளின் குருதியைச் சோதித்தது; 71 பேரில் 87 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது.

ஏற்பியைப் பற்றிய இந்த அறிவு விஷமுறிவுக்குத் திரும்பிவர அரை நூற்றாண்டு ஆயிற்று. 2024இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவும் பிறரும் 95மேட்5 என்ற மனித எதிர்ப்பொருளை வெளியிட்டனர். நஞ்சை ஏற்பி எப்படிப் பற்றுமோ அப்படியே இதுவும் பற்றுகிறது. ஆப்பிரிக்காவின் கறுப்பு மாம்பா நஞ்சிலிருந்தும் எலிகளைக் காத்தது. ஆனால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சுக்கு இது பயனற்றது. நம் கட்டுவிரியனிடம் ஏற்பியைத் தொடாமல் நரம்பு முனையையே தாக்கும் நஞ்சும் உண்டு. ஆகவே குதிரைக்கு இப்போதைக்கு ஓய்வில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் என ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2019இல் சுனகர் குழு, வடமேற்கின் சிந்துக் கட்டுவிரியன் போன்றவற்றுக்கு இன்றைய மருந்து சரிவர ஈடுகொடுக்கவில்லை என்று காட்டியது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகிறது. இது இருளர் தொழிலின் குறையல்ல. ஒரு மாவட்டத்துப் பானைகளை நம்பி நாடு முழுவதற்கும் மருந்து செய்யும் ஏற்பாட்டின் குறை. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ வழங்கிய அரசு, மற்ற மாநிலங்களிலும் நஞ்சு சேகரிப்பு மையங்களைத் திறந்து, அங்கே பயிற்சி தரவும் இவர்களையே அழைக்க வேண்டும்.