திருக்கோணமலைக் கடலும் திமிங்கிலக் காப்பிடமும்

கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையின் உச்சியில் நின்று கடலை நோக்குவோர், ஆண்டின் முற்பகுதியிலே, நீர்ப்பரப்பின்மீது ஒரு வெண்ணிறத் தூண் எழுந்து மறைவதைச் சில வேளைகளிற் காண்பர். அது நீலத் திமிங்கிலம் விடும் மூச்சு. உலகிலுள்ள விலங்குகள் யாவற்றினும் பெரியதைக் கரையில் நின்றவாறே காணக்கூடிய இடங்கள் மிகச் சில.

இதற்குக் காரணம் கடலின் அடியிலே உள்ளது. மாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவினுள்ளேயே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கொன்று புகுந்து கிடக்கிறது. ஆகவே ஆழ்கடல் வாழ் உயிர்கள் கரையை அணுகி இரை தேடுகின்றன.

ஆயினும் இத்திமிங்கிலங்கள் திருக்கோணமலைக்கு மட்டும் உரியவை அல்ல. ஆபிரிக்காவின் புல்வெளியிலே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட 'நூ' மான்கள் மழையைத் தொடர்ந்து தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து கென்யாவின் மாசாய் மாராவுக்குச் சென்று மீள்கின்றன. ஒரு நாடு காத்து மறுநாடு வேட்டையாடின் அக்காப்பினாற் பயன் என்ன? புல்வெளிக்கேனும் இரண்டு நாடுகளே காவல். கடலுக்கோ எத்தனையோ கொடிகள்.

கொடிகள் பலவாயின் என்ன நேரும் என்பதை 1960களின் வரலாறு காட்டிற்று. 1963 முதல் 1966 வரை சோவியத் வேட்டைக் கப்பல்கள் சர்வதேச திமிங்கில வேட்டை ஆணையத்தின் விதிகளை மீறி, வட இந்தியப் பெருங்கடலில் 1,294 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. ஆணையத்துக்கு அனுப்பப்பட்ட கணக்குகளில் உண்மை மறைக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் குலைந்த பின்னரே, அந்நாட்டு அறிவியலாளரே அதனை வெளியிட்டனர். விதி எழுதுவது எளிது. நடுக்கடலில் அதனைப் பார்த்திருப்பவர் யார்?

1979இல், அவ்வாணையத்திலே அப்பொழுதுதான் உறுப்புரிமை பெற்ற சிறு தீவுநாடாகிய சீசெல்ஸ் ஒரு முன்மொழிவைக் கொணர்ந்தது. தெற்கே 55ஆம் பாகை வரை இந்தியப் பெருங்கடல் முழுவதும் வணிக நோக்கிலான திமிங்கில வேட்டை விலக்கப்படவேண்டும் என்பது அது. முன்மொழிவு நிறைவேறியது. பெரும் கடற்படை எதுவும் இல்லாத ஒரு நாடு இதனைச் செய்தது வியத்தற்குரியதே. முதலில் 10 ஆண்டுகளுக்கு மட்டும் வகுக்கப்பட்ட இக்காப்பிடம், 1992இல் காலவரையறையின்றி நீடிக்கப்பட்டது.

காப்பிடத்தை வரைந்தாயிற்று, அதனுள் என்ன உள்ளது என்பதை அறியவேண்டுமன்றோ? உலக வனவிலங்கு நிதியத்தின் ஆதரவில் 'டியூலிப்' என்னும் சிறு பாய்க்கப்பல் புறப்பட்டது. ஹால் வைற்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலியோர் நீருள் ஒலிவாங்கிகளை இறக்கி, எண்ணெய்த் திமிங்கிலங்கள் எழுப்பும் 'டிக், டிக்' என்னும் ஒலியைக் கேட்டு, அவற்றைப் பின்தொடர்ந்தனர். கொல்லாமலே திமிங்கிலத்தை ஆராயலாம் என்பதை மெய்ப்பித்த முயற்சிகளுள் இதுவும் ஒன்று. 1983, 1984 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலே அபிகெயில் ஆலிங் என்னும் ஆய்வாளர் திருக்கோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்களை ஒவ்வொன்றாக இனங்காண முயன்றார். அவை இங்கு வெறுமனே கடந்து செல்வன அல்ல, இரை உண்பன என்பது அவ்வாய்விலே தெளிவாயிற்று.

ஆனால் 1983 ஆடிக் கலவரத்தின் பின் நாடு போரினுள் வீழ்ந்தது. துறைமுகம் படைத்தளமாயிற்று, மீனவரே விரும்பியவாறு கடலுக்குச் செல்ல முடியாத காலத்தில் ஆய்வுக் கப்பலுக்கு ஏது வழி? 2009இல் போர் முடிந்த பின்னரே திமிங்கிலம் காணும் படகுகள் இக்கரையிற் பெருகின. இன்று ஈட்டி எறிவாரில்லை. எனினும் காப்பிடத்தின் விதி வேட்டையை மட்டுமே தடுக்கிறது. வலையையும் சரக்குக் கப்பலின் முன்முனையையும் அது தடுக்கவில்லை. தீவின் தென்கரையிலே, தெவுந்தரை முனைக்கு அப்பாற் செல்லும் கப்பற் பாதையில் திமிங்கிலங்கள் மோதுண்டு இறப்பதுண்டு. 2022இல் பெரும் கப்பல் நிறுவனமொன்று தன் கப்பல்களைத் தானாகவே மேலும் தெற்கே விலக்கிச் செலுத்தத் தொடங்கியது.

1984இல் திருக்கோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலத்தின் பாட்டொன்று நாடாவிலே பதிவாயிற்று. அது பிற கடல்களின் நீலத் திமிங்கிலப் பாட்டுகளினின்றும் வேறுபட்டது. 'இலங்கைப் பாட்டு' என்றே ஆய்வாளர் அதனை வழங்குகின்றனர். அதே பாட்டு பின்னர் தியேகோ கார்சியாவின் அருகிலும், தெற்கே 46ஆம் பாகையை அண்டிய குரோசே தீவுகளின் பக்கத்திலும் கேட்டது. 1979இல் வரைந்த எல்லைக்கோடு அதற்கும் 9 பாகை தெற்கே செல்கிறது.